கத்தி வேண்டாம், கையெழுத்து போதும்!

எழுத்தாளர்களை அடக்கும் ‘அமைதிப் பேச்சுவார்த்தை’களும் அதற்குப் பிறகு நடப்பவையும்

2015 ஜனவரி 12, திங்கட்கிழமை. பொங்கலுக்கு மூன்றே நாள். நாமக்கல் ஆட்சியர் அலுவலகத்தில் மாவட்ட வருவாய் அலுவலர் (டி.ஆர்.ஓ.) தலைமையில் ஒரு கூட்டம். வாய்க்கால் தகராறோ, கோயில் முதல் மரியாதைச் சண்டையோ இல்லை. பஞ்சாயத்து ஒரு நாவலைப் பற்றியது. ஒரு பக்கம் சாதி அமைப்புகள், இந்து அமைப்புகள், திருச்செங்கோட்டு ஊர்க்காரர்கள். இன்னொரு பக்கம் அதே நாமக்கல்லில் அரசுக் கல்லூரியில் தமிழ் நடத்தும் பேராசிரியர் ஒருவரும் அவருடைய வழக்கறிஞரும்.

பேராசிரியர் வருத்தம் தெரிவித்து ஓர் அறிக்கை தயாரித்துக்கொண்டு வந்திருந்தார். வருத்தமெல்லாம் போதாது, நிபந்தனையற்ற மன்னிப்புதான் வேண்டும் என்றது எதிர்த்தரப்பு. அப்படியே மாற்றி எழுதினார்கள். விற்காத பிரதிகளைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன் என்பதும் சேர்ந்தது. பெருமாள்முருகன் கையெழுத்துப் போட்டார். கூட்டம் சுமுகமாக முடிந்தது.

அடுத்து முகநூலில் வந்த அறிவிப்பை இன்றைக்கும் யாரும் மறந்திருக்க முடியாது. எழுத்தாளன் பெருமாள்முருகன் செத்துவிட்டான், இனி ஆசிரியன் முருகன் மட்டும்தான் இருப்பான் என்றது அது. எந்தப் பதிப்பகமும் தன் நூல்களை விற்க வேண்டாம், நஷ்டத்தைத் தானே ஈடுகட்டுகிறேன், வாங்கி வைத்திருக்கும் வாசகர்கள் எரித்துவிட்டாலும் சரி என்று எழுதியிருந்தார்.

எழுத்தாளர்கள் மீதான வன்முறை என்றதும் மேடையில் குத்தப்பட்ட சல்மான் ருஷ்டியும் வாசலில் சுடப்பட்ட கௌரி லங்கேஷும் நினைவுக்கு வருகிறார்கள். வர வேண்டியதுதான். ஆனால் துப்பாக்கி எப்போதாவது ஒருமுறை வெடிப்பது. நம் ஊர்களில் வாடிக்கையாக நடப்பது நாமக்கல்லில் நடந்ததுதான்: ரத்தம் இல்லை, சத்தம் இல்லை, அரசாங்க மேஜை மேல் ஒரு தாள், கீழே ஒரு கையெழுத்து. இந்தக் கட்டுரை அதிகமும் அந்தத் தாளைப் பற்றியது.

நான்கு வருடம் தூங்கிய கோபம்

‘மாதொருபாகன்’ 2010-ல் காலச்சுவடு வெளியீடாக வந்தது. குழந்தை இல்லாத காளி, பொன்னா தம்பதியின் கதை. சுதந்திரத்துக்கு முந்தைய காலம். திருச்செங்கோடு அர்த்தநாரீஸ்வரர் கோயில் வைகாசித் தேர்த் திருவிழாவின் பதினான்காம் நாள் இரவில், பிள்ளையில்லாத பெண்கள் முன்பின் அறியாத ஆணைக் கூடலாம் என்று ஒரு வழக்கம் இருந்ததாக நாவல் சொல்கிறது. பொன்னாவை அங்கே அனுப்பலாமா என்பதில் அந்தக் குடும்பம் படும் பாடுதான் நாவல்.

நான்கு ஆண்டுகள் ஒரு சலசலப்பும் கிடையாது. 2013-ல் ஆங்கிலத்தில் பெங்குயின் வெளியிட்டது. 2014 டிசம்பரில்தான் தீ பிடித்தது. குறிப்பிட்ட சில பக்கங்கள் ஜெராக்ஸ் எடுக்கப்பட்டு திருச்செங்கோட்டில் கை மாறின. முழு நாவலையும் படித்துவிட்டுக் கோபப்பட்டவர்களும் சிலர் இருந்திருக்கலாம். ஜெராக்ஸைப் பார்த்துக் கொதித்தவர்கள்தான் அதிகம். டிசம்பர் 26-ல் புத்தகம் எரிக்கப்பட்டது. எழுத்தாளருக்கு மிரட்டல் போன்கள் வந்தன. ஊர்ப் பெயரை அடுத்த பதிப்பிலிருந்து எடுத்துவிடுகிறேன் என்றுகூட அவர் சொல்லிப் பார்த்தார். ஜனவரி 9-ல் திருச்செங்கோட்டில் கடையடைப்பு.

எதிர்த்தவர்கள் கேட்ட ஒரு கேள்வியை ஒதுக்கிவிட முடியாது: “இன்றைக்கும் நாங்கள் வாழும் ஊர், நாங்கள் கும்பிடும் கோயில். இப்படி நடந்ததற்கு என்ன ஆதாரம்?” நியாயமான கேள்விதான். அதை மதிப்புரையில் கேட்டிருக்கலாம், எதிர்நூல் போட்டுக் கேட்டிருக்கலாம், ஊரில் மேடை போட்டு எழுத்தாளரை எதிரில் உட்கார வைத்தே கேட்டிருக்கலாம். கடையை மூடிக் கேட்ட பிறகு அது கேள்வியாக இருக்கவில்லை.

அதிகாரியின் கணக்கு

டி.ஆர்.ஓ. நாற்காலியில் உட்கார்ந்து யோசித்துப் பாருங்கள். தெருவில் ஆயிரக்கணக்கானவர்கள். பண்டிகைக் காலம். சென்னையிலிருந்து மணிக்கொரு தரம் போன். ஆயிரம் பேரை அடக்க லத்தி வேண்டும், கூடுதல் போலீஸ் வேண்டும், அதற்குப் பிறகு வரும் அரசியல் தலைவலியையும் தாங்க வேண்டும். ஒற்றை ஆளை அடக்க ஒரு தாள் போதும். ‘சட்டம் ஒழுங்கு’ என்ற சொல்லில் சட்டத்தை விட்டுவிட்டு ஒழுங்கை மட்டும் வைத்துக்கொண்டால் கணக்கு சரியாக வந்துவிடும்.

இந்தக் கணக்கு தப்பு என்று உச்ச நீதிமன்றம் எப்போதோ சொல்லிவிட்டது. அதுவும் ஒரு தமிழ்ப்பட வழக்கில்! ‘ஒரே ஒரு கிராமத்திலே’ படம் இடஒதுக்கீட்டைப் பற்றிப் பேசியது. ஓடவிட்டால் கலவரம் வரும் என்று சொல்லப்பட, சென்னை உயர் நீதிமன்றம் தணிக்கைச் சான்றிதழை ரத்து செய்தது. தயாரிப்பாளர் எஸ். ரங்கராஜன் மேல்முறையீடு போனார். 1989 மார்ச்சில் தீர்ப்பு. ஆர்ப்பாட்டம் நடக்கும், ஊர்வலம் வரும், வன்முறை வெடிக்கும் என்ற மிரட்டலுக்காகக் கருத்துரிமையை அடக்க முடியாது. அப்படி அடக்கினால் அது சட்டத்தின் ஆட்சியைக் கைவிட்டு மிரட்டுபவர்களிடம் சரணடைவதாகும் என்றது உச்ச நீதிமன்றம். கருத்து, வெடிமருந்துக் கிடங்கில் விழும் பொறி அளவுக்கு ஆபத்தோடு நேரடித் தொடர்பு கொண்டதாக இருந்தால் மட்டுமே தடை.

சட்டம் படிக்கிற பிள்ளைகள் இந்தத் தீர்ப்பை மனப்பாடமாகச் சொல்வார்கள். இருபத்தைந்து ஆண்டுகள் கழித்து நாமக்கல்லில் அது எந்த அலமாரியில் இருந்ததோ தெரியாது.

அந்தத் தாளை எதிர்த்து வழக்குப் போட்டது தமிழ்நாடு முற்போக்கு எழுத்தாளர் கலைஞர்கள் சங்கத்தின் (தமுஎகச) சார்பில் எழுத்தாளர் ச. தமிழ்ச்செல்வன். 2016 ஜூலை 5 அன்று தலைமை நீதிபதி சஞ்சய் கிஷன் கௌல், நீதிபதி புஷ்பா சத்யநாராயணா அமர்வு தீர்ப்பளித்தது. ஜனவரி 12 உடன்பாடு யாரையும் கட்டுப்படுத்தாது. நாவல் மீது நடவடிக்கை தேவையில்லை. பிடிக்காத புத்தகத்தை மூடி வைத்துவிட்டுப் போகலாம், படித்தே தீர வேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்தவில்லை. எழுத்தாளர் உயிர்த்தெழுந்து தனக்கு நன்றாகத் தெரிந்த வேலையைச் செய்யட்டும், எழுதட்டும் என்று முடித்தார்கள் நீதிபதிகள். இவற்றைத்தான் பத்திரிகைகள் பெரிய எழுத்தில் போட்டன.

எனக்கு முக்கியமாகப் படுவது அதிகம் பேசப்படாத பகுதி. சட்டம் ஒழுங்கைக் காரணம் காட்டி எழுத்தாளரையோ கலைஞரையோ பின்வாங்கும்படி அரசு எந்திரம் நிர்ப்பந்திக்கக் கூடாது, இத்தகைய நேரங்களில் கருத்துரிமையின் பக்கமே சாய்ந்து நிற்க வேண்டும், விஷயம் தெரிந்தவர்கள் அடங்கிய குழுவை வைத்து இவற்றைக் கையாள வேண்டும் என்கிறது அது. அமைதிப் பேச்சுவார்த்தையில் அதிகாரி நடுவர் கிடையாது, மிரட்டப்படுபவருக்குக் காவல் என்பதே அதன் சாரம்.

---
பெட்டிச் செய்தி: சாந்தப்படுத்த வந்த சட்டம்

1924-ல் லாகூரில் ‘ரங்கீலா ரசூல்’ என்ற நூலை ராஜ்பால் என்பவர் வெளியிட்டார். எழுதியவர் பெயர் இல்லை. யார் என்று கடைசிவரை ராஜ்பால் சொல்லவில்லை. இஸ்லாமியர் மனத்தைப் புண்படுத்தியதாக வழக்கு. இருந்த சட்டத்தின்படி இது குற்றமாகாது என்று 1927-ல் லாகூர் உயர் நீதிமன்றம் அவரை விடுவித்தது. கொந்தளிப்பைத் தணிக்க அதே ஆண்டு ஆங்கிலேய அரசு இந்திய தண்டனைச் சட்டத்தில் 295-ஏ பிரிவைச் சேர்த்தது. கொந்தளிப்பு தணியவில்லை. 1929 ஏப்ரலில் ராஜ்பால் தன் கடையில் குத்திக் கொல்லப்பட்டார்.

அந்தப் பிரிவு இன்று பாரதிய நியாய சன்ஹிதாவில் 299-ஆக நீடிக்கிறது. வேண்டுமென்றே, கெட்ட எண்ணத்தோடு மத உணர்வைப் புண்படுத்தினால்தான் குற்றம் என்பது சட்டத்திலேயே எழுதப்பட்டுள்ள நிபந்தனை. எஃப்.ஐ.ஆர். போடும்போது அந்த நிபந்தனையை யார் பார்க்கிறார்கள்?

---

கையெழுத்துப் போட்டவர் தப்பித்தாரா?

“ஒரு மன்னிப்புதானே, கேட்டுவிட்டு நிம்மதியாக இருக்கலாமே” என்று சொல்பவர்கள் கர்நாடகத்தின் தார்வாடுக்குப் போய் வர வேண்டும்.

எம்.எம். கல்புர்கி கன்னடத்தின் பெரிய ஆய்வாளர். லிங்காயத்து அடியார்கள் பாடிய வசன இலக்கியத்தைத் தோண்டித் துருவியவர். ஹம்பி கன்னடப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக இருந்தவர். லிங்காயத்துகள் போற்றும் பசவண்ணரின் குடும்பத்தைப் பற்றி அவர் எழுதிய ஆய்வு 1989-ல் லிங்காயத்துத் தலைவர்களைக் கோபப்படுத்தியது. மிரட்டல். கடைசியில் எழுதியதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். குடும்பத்தின் உயிரைக் காக்கத்தான் அப்படிச் செய்ததாகவும், அன்றைக்கே அறிவளவில் தற்கொலை செய்துகொண்டதாகவும் சொன்னார். நாமக்கல்லுக்கு இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன்பே இன்னோர் எழுத்தாளரின் வாயிலிருந்து வந்த அதே மரண அறிவிப்பு.

அத்தோடு விட்டார்களா? 2014-ல் சிலை வழிபாடு பற்றி அவர் பேசியதற்கு மறுபடியும் எதிர்ப்பு. இந்தமுறை எதிர்த்தவர்கள் வேறு. 2015 ஆகஸ்ட் 30, ஞாயிற்றுக்கிழமை காலை. தார்வாடு கல்யாண் நகர் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். திறந்தவர் நெற்றியில் சுட்டுவிட்டு பைக்கில் போய்விட்டார்கள். அவருக்கு வயது 76.

பின்வாங்குவது ஒருவரை விலக்கிவிடுவதில்லை, மிரட்டினால் பணிவார் என்று பட்டியலில் சேர்த்துவிடுகிறது என்றுதான் இதைப் படிக்கத் தோன்றுகிறது.

கல்புர்கி கொலைக்குப் பிறகு உதய் பிரகாஷ், நயன்தாரா ஷெகல், அசோக் வாஜ்பேயி என்று ஒருவர் பின் ஒருவராக சாகித்ய அகாதமி விருதைத் திருப்பிக் கொடுத்தார்கள். கல்புர்கி அகாதமி விருது பெற்றவர். அகாதமி அந்தக் கொலையைக் கண்டித்துத் தீர்மானம் போட அக்டோபர் 23 வரை ஆனது.

---
பெட்டிச் செய்தி: பைக், துப்பாக்கி, காலை நேரம்

பகுத்தறிவாளர் நரேந்திர தாபோல்கர்: புனே, 2013 ஆகஸ்ட் 20. காலை நடைப்பயிற்சியில் சுடப்பட்டார். 2024 மே மாதம் இரண்டு பேருக்கு ஆயுள் தண்டனை, மூன்று பேர் விடுதலை.

இடதுசாரித் தலைவர் கோவிந்த் பன்சாரே: கோலாப்பூர், 2015 பிப்ரவரி 16. மனைவியோடு காலை நடை முடித்துத் திரும்பும்போது சுடப்பட்டு, நான்கு நாள் கழித்து இறந்தார். சிவாஜியைப் பற்றி அவர் எழுதிய சிறு நூல் மராத்தியில் பெரிய அளவில் விற்றது.

எம்.எம். கல்புர்கி: தார்வாடு, 2015 ஆகஸ்ட் 30.

பத்திரிகையாளர் கௌரி லங்கேஷ்: பெங்களூரு, 2017 செப்டம்பர் 5. இவர் மட்டும் இரவு, வேலை முடிந்து வீடு திரும்பியபோது. கல்புர்கியையும் இவரையும் சுட்டது ஒரே துப்பாக்கி என்றது தடயவியல் ஆய்வு.

---

பெங்குயின் இல்லாதவர்கள்

பெருமாள்முருகனுக்கு ஆங்கில மொழிபெயர்ப்பு இருந்தது. காலச்சுவடு இருந்தது. வழக்குப் போட ஓர் அமைப்பு இருந்தது. வெளிநாட்டுப் பத்திரிகைகள் எழுதின. இதில் எதுவும் இல்லாத எழுத்தாளருக்கு என்ன ஆகும்?

ஒரு மாதத்திலேயே பதில் வந்தது. கரூர் பக்கத்து எழுத்தாளர் புலியூர் முருகேசனின் சிறுகதைத் தொகுப்பு ‘பாலச்சந்திரன் என்றொரு பெயரும் எனக்குண்டு’. தங்கள் சாதியை இழிவுபடுத்திவிட்டார் என்று ஒரு கும்பல் 2015 பிப்ரவரியில் அவரை அடித்தது. அடித்தவர்கள் மீது மட்டுமா வழக்கு வந்தது? அடிபட்டவர் மீதும் வந்தது. முந்தைய ஆண்டு புதுக்கோட்டை மாவட்டத்தில் துரை. குணா. ‘ஊரார் வரைந்த ஓவியம்’ எழுதியதற்காக அவரும் குடும்பமும் ஊருக்குள் ஒதுக்கப்பட்டார்கள்.

தக்கலை கவிஞர் ஹெச்.ஜி. ரசூலுக்கு ஜமாத் ஊர்விலக்கு அறிவித்தது 2007-ல். ‘மைலாஞ்சி’ கவிதைகளில் தொடங்கிய உரசல், ஒரு கட்டுரையில் முற்றியது. ஊர்விலக்கு என்றால் நகரத்தில் இருப்பவர்களுக்குச் சட்டென்று உறைக்காது. கல்யாணத்துக்கு அழைப்பு வராது, உங்கள் வீட்டு விசேஷத்துக்கும் யாரும் வர மாட்டார்கள். வீட்டில் ஒரு சாவு விழுந்தால் அடக்கம் எங்கே என்ற கேள்வி முதலில் எழும். கவிதை எழுதாத மனைவி மக்கள்தான் இதை நாள்தோறும் சுமப்பவர்கள். இதற்கு அடிதடி தேவையில்லை, போலீஸ் வழக்கும் வராது.

பெண்களுக்கு இன்னொரு வரி கூடுதல். குட்டி ரேவதியின் ‘முலைகள்’ 2002-ல் வந்தபோது விவாதம் கவிதையைத் தாண்டி எழுதியவரின் நடத்தைக்குப் போனது. பெருமாள்முருகனைக் கேட்காத கேள்விகளை அவரிடம் கேட்டார்கள்.

கடலுக்கு அந்தப் பக்கம்

எழுதியதற்காக உயிரையே விலையாகக் கொடுத்த தமிழர்களைத் தேடினால் யாழ்ப்பாணத்துக்குத்தான் போக வேண்டும். ஈழப்போர் அத்துமீறல்களைப் பதிவுசெய்த ‘முறிந்த பனை’யை எழுதிய நால்வரில் ஒருவரான ராஜினி திராணகம, எல்லாத் துப்பாக்கிகளையும் ஒன்றாகக் கணக்கில் எடுத்தவர். 1989 செப்டம்பர் 21 அன்று பல்கலைக்கழகத்திலிருந்து சைக்கிளில் வீடு திரும்பும் வழியில் சுட்டுக் கொல்லப்பட்டார். கவிஞர் செல்வி 1991-ல் விடுதலைப் புலிகளால் கொண்டுசெல்லப்பட்டார், திரும்பவே இல்லை. இவர்களைப் பற்றித் தமிழ்நாட்டு மேடைகளில் பேசுவதற்கு நமக்குள்ள தயக்கமும் இதே கதையின் ஒரு பகுதிதான்.

போர் முடிந்த பிறகு முறை மாறியது. மன்னாரைச் சேர்ந்த இளம் கவிஞரும் ஆசிரியருமான அஹ்னாப் ஜஸீம், ‘நவரசம்’ என்ற தொகுப்பை 2017-ல் வெளியிட்டார். ஈஸ்டர் குண்டுவெடிப்புகளுக்கு அடுத்த ஆண்டு, 2020 மே 16-ல், பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் கைது செய்யப்பட்டார். தீவிரவாதத்தைத் தூண்டும் கவிதைகள் என்பது குற்றச்சாட்டு. தொகுப்பில் தீவிரவாதத்தைக் கண்டிக்கும் கவிதைகளே இருக்கின்றன என்று தமிழ் படிக்கத் தெரிந்தவர்கள் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். பிணை கிடைக்கப் பத்தொன்பது மாதங்கள் ஆயின. விடுதலைத் தீர்ப்பு 2023 டிசம்பரில். இங்கே மன்னிப்புத் தாள்கூடத் தேவைப்படவில்லை.

கை போனது, அடுத்து வேலை போனது

வெட்டுக்குத்து நடந்த இடத்திலும் உண்மையான சேதம் அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. கேரளத்தின் டி.ஜே. ஜோசப் கல்லூரி மலையாளப் பேராசிரியர். 2010-ல் உள்தேர்வுக்கு ஒரு கேள்வி தயாரித்தார். ஒரு பத்தியைக் கொடுத்து நிறுத்தற்குறி போடச் சொல்லும் கேள்வி! பத்தியில் இருந்த பெயரை நபிகளோடு சேர்த்துப் படித்தார்கள். ஜூலை 4, ஞாயிற்றுக்கிழமை, தேவாலயத்திலிருந்து தாயோடும் சகோதரியோடும் காரில் திரும்பும்போது மூவாற்றுப்புழையில் வழிமறித்து வலது கையை வெட்டி எறிந்தார்கள்.

மருத்துவர்கள் கையை ஒட்ட வைத்தார்கள். இரண்டு மாதத்தில் கல்லூரி நிர்வாகம் அவரை வேலையை விட்டு நீக்கியது. காரணம், மத உணர்வைப் புண்படுத்தினாராம். 2013-ல் நீதிமன்றம் அந்தக் குற்றச்சாட்டிலிருந்து அவரை விடுவித்தது. அப்போதும் வேலை வரவில்லை. சம்பளமில்லாத வீடு, மருத்துவச் செலவு, மன அழுத்தம். 2014 மார்ச்சில் அவர் மனைவி தன் உயிரை மாய்த்துக்கொண்டார். ஓய்வு பெறச் சில நாட்களே இருந்தபோது நிர்வாகம் அவரை மீண்டும் சேர்த்துக்கொண்டது.

கையை வெட்டியதாக முதலாவதாகக் குற்றம்சாட்டப்பட்டவர் கண்ணூர் மாவட்டத்தில் பிடிபட்டது 2024 ஜனவரியில். வெட்டியவர்கள் வெறும் ஆயுதங்கள், ஏவியவர்கள் வேறு என்று ஜோசப் சொல்லிவருகிறார். அந்தக் குடும்பத்தைச் சாய்த்ததில் கோடாரிக்கும் பணிநீக்க உத்தரவுக்கும் எவ்வளவு பங்கு என்று பிரித்துப் பார்த்தால், உத்தரவின் பங்கு சிறியதில்லை. அதைத் தட்டச்சு செய்தவர்கள் மீது எந்த வழக்கும் கிடையாது.

உள்ளே உட்கார்ந்த தணிக்கை

‘மாதொருபாகன்’ தீர்ப்பு வந்த அடுத்த மாதமே, 2016 ஆகஸ்டில், ‘கோழையின் பாடல்கள்’ தொகுப்போடு டெல்லி மேடையில் ஏறினார் பெருமாள்முருகன். எனக்குள் ஒரு தணிக்கை அதிகாரி வந்து உட்கார்ந்துவிட்டார் என்ற பொருளில் அன்று பேசினார். அடுத்த நாவல் ‘பூனாச்சி’, ஒரு வெள்ளாட்டின் கதை. சாதி சொன்னால் பிரச்சினை, ஊர் சொன்னால் பிரச்சினை, ஆடு என்றால் யார் வழக்குப் போடுவார்கள்? நல்ல நாவல் என்பது வேறு விஷயம். பிறகு ‘பூக்குழி’ ஆங்கிலத்தில் சர்வதேச புக்கர் நெடும்பட்டியல் வரை போனது, ‘ஆளண்டாப் பட்சி’ ஜேசிபி பரிசு வாங்கியது, இரண்டும் 2023-ல். இரண்டுமே 2014 டிசம்பருக்கு முன்பு எழுதப்பட்டவை.

வார இதழ்க்காரர்கள் நாங்களும் இதில் யோக்கியர்கள் இல்லை. குமுதத்தில் சுஜாதாவின் ‘கறுப்பு சிவப்பு வெளுப்பு’ தொடர் ஒரு சமூகத்தின் எதிர்ப்பால் நின்றதும், பின்னாளில் ‘ரத்தம் ஒரே நிறம்’ என்று வேறு உருவில் வந்ததும் பழைய வாசகர்களுக்குத் தெரியும். இன்று அவ்வளவு தூரம் போவதே இல்லை. “சார், ஊர் பேரை மட்டும் மாத்திடலாமா?” “அந்தக் கேரக்டருக்கு சாதி அடையாளம் வேணுமா?” “சாமி பேரு வேண்டாமே.” கதை அச்சுக்குப் போகும் முன் இப்படி ஒரு போன். எழுத்தாளரும் மாற்றிக் கொடுத்துவிடுகிறார். மிரட்டல் எதுவும் வரவில்லை என்பதால் இது எந்தக் கணக்கிலும் ஏறாது.

அண்டை மாநிலமான கேரளத்தில் 2018-ல் ஒரு வார இதழுக்கு இதே சோதனை வந்தது. மாத்ருபூமி வார இதழில் எஸ். ஹரீஷின் ‘மீசை’ தொடராக வந்துகொண்டிருந்தது. கோயிலுக்குப் போகும் பெண்களைப் பற்றி இரண்டு பாத்திரங்கள் பேசிக்கொள்ளும் சில வரிகள் சமூக ஊடகத்தில் பரவ, ஹரீஷின் குடும்பத்துப் பெண்களைக் குறிவைத்து மிரட்டல்கள் வந்தன. மூன்றாவது வாரத்தோடு அவர் தொடரை நிறுத்திக்கொண்டார். அங்கே யாரும் அவரை ஆட்சியர் அலுவலகத்துக்குக் கூப்பிட்டுக் கையெழுத்து வாங்கவில்லை. முதலமைச்சர் வெளிப்படையாக அவர் பக்கம் நின்றார். ஆகஸ்ட் தொடக்கத்திலேயே டி.சி. புக்ஸ் முழு நாவலையும் வெளியிட்டது. தடை கேட்ட மனுவை செப்டம்பர் 5-ல் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. நாமக்கல் தாளைக் கிழிக்க ஒன்றரை ஆண்டு ஆன இடத்தில், கேரளத்தில் இரண்டு மாதம்கூட முழுதாக ஆகவில்லை. ஆங்கிலத்தில் ஜேசிபி பரிசு, மலையாளத்தில் வயலார் விருது என்று நாவலுக்கு விருதுகள் வந்தன. அதைத் தொடராக வெளியிட்ட வார இதழின் ஆசிரியர் கமல்ராம் சஜீவ், அந்த 2018-ஆம் ஆண்டு முடிவதற்குள்ளேயே பொறுப்பிலிருந்து விலகியிருந்தார்.